முதல் எலக்ட்ரிக் கிட்டார்: பிக்கப்பை முடிவு செய்வதா, ஆம்ப்பை முடிவு செய்வதா?

எலக்ட்ரிக் கிட்டார் கற்றுக்கொள்ளத் தொடங்குபவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்) பற்றித்தான் இருக்கிறது. "சிங்கிள் காயில் எடுக்கட்டுமா, ஹம்பக்கர் எடுக்கட்டுமா?" என்று வாரக்கணக்கில் யோசிக்கிறார்கள். ஒருவழியாக கிட்டாரை வாங்கிவிட்டு, கையில் மிஞ்சும் பணத்துக்கு ஏதோ ஒரு ஆம்ப்பை (அந்தச் சிக்னலைப் பெருக்கி ஒலியாக்கும் பெட்டி) எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் சில மாதம் கழித்து, "நான் நினைத்த டோன் வரவில்லையே, பிக்கப்பை மாற்றிப் பார்க்கலாமா?" என்று மறுபடி பிக்கப்பிலேயே வந்து நிற்கிறார்கள்.

இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் ஆம்ப்பை முடிவு செய்யுங்கள். அதையும் எவ்வளவு சத்தமாக வாசிக்க முடியும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். பிக்கப் அதற்கு அடுத்தது. காரணம் புரிய, தந்தியில் பிறக்கும் அதிர்வு காதுக்கு வரும் வழியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

## தந்தியிலிருந்து காது வரை

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பியும்தான். கம்பியின் தடிமன் சுமார் 0.06 மில்லிமீட்டர். ஒரு சிங்கிள் காயிலில் அது ஏழெட்டாயிரம் சுற்று சுற்றப்பட்டிருக்கும். எஃகுத் தந்தி மேலே அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, அந்த அசைவால் சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. நைலான் தந்தியை மாட்டினால் இந்தப் பிக்கப் எதையும் பிடிக்காது, காந்தத்துக்கு நைலான் இருப்பதே தெரியாது.

எல்லா அதிர்வெண்களையும் பிக்கப் ஒரே அளவில் அனுப்புவதில்லை. சில ஆயிரம் ஹெர்ட்ஸ் பகுதியில் ஓர் இடத்தைத் தூக்கிக் காட்டும், அதற்கு மேலே சரியும். அந்தத் தூக்கல் எங்கே வருகிறது, எவ்வளவு கூர்மையாக வருகிறது என்பதுதான் ஒரு பிக்கப்பின் குணம்.

அடுத்து ஆம்ப். சிக்னலைப் பெரிதாக்குவது மட்டும் அதன் வேலை இல்லை. கெயினை, அதாவது உள்ளே சிக்னலைப் பெருக்கும் அளவை, கூட்டும்போது அலையின் முகடுகளை நசுக்கி, தந்தியில் இல்லாத புதிய ஹார்மோனிக்குகளை (அடிப்படைச் சுருதியின் மடங்குகளில் வரும் ஒலிகளை) அது சேர்க்கிறது. டிஸ்டார்ஷன் என்று நாம் ரசிப்பது அதைத்தான். கடைசியாக ஸ்பீக்கர். கிட்டார் ஸ்பீக்கர் வீட்டு ஸ்டீரியோ ஸ்பீக்கர் மாதிரி முழு வீச்சுக்கும் செய்யப்பட்டதல்ல. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அது வேகமாகக் குறைந்துவிடும். டிஸ்டார்ஷன் கர்ணகடூரமாக இல்லாமல் கேட்க இனிமையாக இருப்பதற்கு இந்தக் குறைதான் காரணம்.

ஆக, பிக்கப்பை மாற்றினால் குரலின் சாயல் மாறும். ஆம்ப்பையும் ஸ்பீக்கரையும் மாற்றினால் பாடுகிற ஆளே மாறிவிடுவார்.

## எதை வைத்து எடை போடுவது?

எந்தப் பொருளைப் பார்ப்பதற்கு முன்னும் கீழே உள்ளவற்றுக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

- சத்தம். பக்கத்து அறையில் ஆள் தூங்கும்போதுதான் வாசிக்க முடியுமா, இல்லை டிரம்ஸ் ஓடும் அறையில் வாசிக்கப் போகிறீர்களா? மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் எடை அதிகம்.
- இசை வகை. சுத்தமான டோனா, லேசாகக் கரகரக்கும் ப்ளூஸா, கனமான டிஸ்டார்ஷனா?
- இரைச்சல். நீங்கள் உட்காரும் இடத்தைச் சுற்றி கம்ப்யூட்டர், சார்ஜர், டிம்மர் விளக்கு இருக்கிறதா?
- மறைந்திருக்கும் செலவு. பெட்டியில் எழுதிய விலைக்கு மேல் என்னென்ன வாங்க வேண்டிவரும்?
- தொடங்கும் சுலபம். கிட்டாரை எடுத்த எத்தனையாவது நிமிடத்தில் வாசிக்கத் தொடங்குவீர்கள்? இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் தினமும் வாசிக்கிறவரையும் வாரம் ஒருமுறை வாசிக்கிறவரையும் பிரிப்பது பெரும்பாலும் இதுதான்.

## பிக்கப்: நான்கு வழிகள்

### சிங்கிள் காயில்

ஒரே சுருள். ஒலி தெளிவாக, பளிச்சென்று, கொஞ்சம் கூர்மையாக இருக்கும். ஃபெண்டரின் டெலிகாஸ்டரும், 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் உலகத்துக்குப் பழக்கிவிட்ட குரல் இது. ஒரு கார்டை மீட்டினால் ஆறு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும். விரலின் அழுத்தம் கொஞ்சம் மாறினாலும் ஒலியில் தெரியும். ஃபங்க், கண்ட்ரி, சுத்தமான ப்ளூஸ் வாசிக்க ஆசைப்படுபவருக்கு இதன் இடத்தை வேறொன்று பிடிப்பது கடினம்.

இதன் சிக்கல் ஹம். தந்தியின் அசைவைப் பிடிக்கும் அதே சுருள், சுற்றியிருக்கும் மின்கம்பிகளும் டிரான்ஸ்ஃபார்மர்களும் வெளிவிடும் காந்தப்புலத்தையும் பிடித்துக்கொள்ளும். அந்த ஊரின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸா, 60 ஹெர்ட்ஸா என்பதைப் பொறுத்து அந்தச் சுருதியிலும் அதன் மடங்குகளிலும் ஒரு 'ம்ம்ம்' எப்போதும் பின்னால் ஓடும். சுத்தமான டோனில் இது தொந்தரவாகத் தெரியாது. கெயினைக் கூட்டக் கூட்ட அதுவும் கூடவே வளரும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஹம் கேட்கும்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியே கிட்டாரோடு மெதுவாகச் சுற்றுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் ஹம் பெரிய அளவில் அடங்கும், இன்னும் கொஞ்சம் திரும்பினால் மறுபடி எழும். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தே வாசிக்கிறவருக்கு அந்த நல்ல கோணம் வாய்ப்பது அரிது. கனமான டிஸ்டார்ஷனோடு சிங்கிள் காயில் வாசிக்க நினைப்பவர்கள் நாய்ஸ் கேட் ஒன்றையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாசிப்பு நின்றவுடன் சிக்னலை மூடிவிடும் கருவி அது. வாசித்துக்கொண்டிருக்கும்போது ஹம் இருக்கத்தான் செய்யும்.

மூன்று சிங்கிள் காயில் உள்ள கிட்டார்களில் ஒரு நல்ல விஷயம் உண்டு. இப்போது வரும் பலவற்றில் நடுப் பிக்கப்பின் சுற்றும் காந்தமும் மற்ற இரண்டுக்கும் எதிராக வைக்கப்பட்டிருக்கும். அதனால் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலைச் சுவிட்ச், இரண்டு பிக்கப்கள் சேர்ந்து ஒலிக்கும் இரண்டாவது, நான்காவது நிலையில் இருக்கும்போது ஹம் அடங்கிவிடும்.

### ஹம்பக்கர்

கிப்சன் நிறுவனத்தில் வேலை செய்த சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவமைப்பு இது. இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, ஒன்றின் சுற்றையும் காந்தத் திசையையும் மற்றதற்கு எதிராக ஆக்கினார். வெளியிலிருந்து வரும் ஹம் இரண்டிலும் எதிரெதிராக விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. தந்தியின் சிக்னலோ இரண்டிலும் ஒரே திசையில் சேர்ந்து வலுவாகிறது.

இரண்டு சுருள் சேர்வதால் ஒலி தடிமனாகும். மேல் அதிர்வெண்கள் கொஞ்சம் மழுங்கும், சிக்னலின் பலம் கூடும். பலமான சிக்னல் ஆம்ப்பைச் சீக்கிரம் டிஸ்டார்ஷனுக்குள் தள்ளும். ஹார்ட் ராக், மெட்டல் பக்கம் போகிறவர்களும், நெக் பிக்கப்பில் (கிட்டாரின் கழுத்துப் பக்கம் இருக்கும் பிக்கப்) உருண்டையான ஜாஸ் டோன் தேடுகிறவர்களும் இதை நாடுவது இதனால்தான்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் 'ஹாட்' ஹம்பக்கர். அதிகச் சுற்று சுற்றி, செராமிக் காந்தம் போட்டு, மின்தடை 14, 15 கிலோ ஓம் வரை ஏற்றப்பட்ட பிக்கப்கள் இவை. பழைய பாணி ஹம்பக்கர் 7, 8 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும். எண் பெரிதாக இருந்தால் பொருளும் மேலானது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அதிகச் சுற்று என்றால் பலம் கூடும், கூடவே தெளிவு குறையும். தொடக்கநிலை ஆம்ப்பில் நல்ல சுத்தமான டோன் வேண்டுமென்றால் ஹாட் ஹம்பக்கர் தடையாக நிற்கும், எப்போதும் லேசாகக் கலங்கிய ஒலிதான் வரும். மின்தடை எண்ணை மட்டும் பார்த்து இரண்டு பிக்கப்களை ஒப்பிடவும் கூடாது. கம்பியின் தடிமன் வேறாக இருந்தால் அந்த ஒப்பீட்டுக்கே பொருள் இல்லை.

கற்றுக்கொள்ளும் காலத்தில் ஹம்பக்கரோடு நிறைய கெயின் சேர்த்து வாசிப்பதில் இன்னொரு விலையும் இருக்கிறது. டிஸ்டார்ஷன் சத்தமான ஸ்வரத்தையும் மெல்லிய ஸ்வரத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். பிக்கிங் சீராக இல்லாவிட்டாலும் காதுக்குத் தெரியாது. தினமும் கொஞ்ச நேரமாவது சுத்தமான டோனில் வாசிப்பது என்று வைத்துக்கொண்டால் இது சரியாகிவிடும்.

### பி-90, ஆக்டிவ்

இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி-90 கிப்சனின் பழைய சிங்கிள் காயில், 1946-இலிருந்து இருக்கிறது. சுருள் அகலமாக இருப்பதால் ஃபெண்டர் சிங்கிள் காயிலைவிடத் தடிமனும் கரகரப்பும் கூடுதல். ஹம்மும் உண்டு. குரல் அருமையானது, ஆனால் முதல் கிட்டாருக்கு இதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆக்டிவ் பிக்கப்பில் உள்ளேயே ஒரு சிறிய முன்-ஆம்ப் இருக்கும், பெரும்பாலும் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். இரைச்சல் மிகக் குறைவு, நீளமான கேபிளிலும் மேல் அதிர்வெண் தேயாது. இறுக்கமான மெட்டல் ரிதமுக்குப் பேர்போனது. மறைந்த செலவு பேட்டரிதான். கேபிள் செருகியிருக்கும் வரை அது தீர்ந்துகொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் பிடுங்கிவைக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு இது சரிப்படாது. தீரும் நிலையில் ஒலி உடைந்து கேட்கும்போது, ஆம்ப்தான் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

### எச்எஸ்எஸ்: எது பிடிக்கும் என்று தெரியாதவருக்கு

பிரிட்ஜ் (கிட்டாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் இடம்) பக்கம் ஹம்பக்கர், நடுவிலும் நெக்கிலும் சிங்கிள் காயில். இந்த அமைப்பைத்தான் பெரும்பாலான தொடக்கநிலை வாசிப்பாளர்களுக்கு நான் சொல்வேன். கெயின் கூட்டி வாசிக்கும்போது பெரும்பாலும் பிரிட்ஜ் பிக்கப்பைத்தான் பயன்படுத்துவோம், அங்கே ஹம் இல்லை. சுத்தமான டோனுக்கு நெக் பக்கம் போகிறோம், அங்கே சிங்கிள் காயிலின் தெளிவு இருக்கிறது. ஹம்பக்கரின் ஒரு சுருளை மட்டும் அணைக்கும் வசதி சில கிட்டார்களில் இருக்கும். அந்த ஒலி உண்மையான சிங்கிள் காயிலைவிட மெலிந்து கேட்கும், ஹம்மும் திரும்பி வரும். இருந்தால் நல்லது, அதற்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம்.

இந்தப் பகுதியை முடிக்கும் முன் ஒன்று. எந்த வகைப் பிக்கப் என்பதைப் போலவே, எந்த இடத்துப் பிக்கப் என்பதும் டோனைப் பெரிதாக மாற்றும். பிரிட்ஜுக்கு அருகில் தந்தி குறைவாகவே அசையும், உயர் ஹார்மோனிக்குகளின் பங்கு அதிகம், அதனால் ஒலி கூர்மையாகும். நெக் பக்கம் அசைவு பெரிது, அதனால் ஒலி கனமாகும். ஒரே கிட்டாரில் சுவிட்சை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளும்போது கேட்கும் மாற்றம், பல சமயம் பிக்கப்பையே மாற்றினால் வருவதைவிடப் பெரியதாக இருக்கும்.

## ஆம்ப்: சத்தத்தின் கணக்கு

ஆம்ப் வகைகளுக்குப் போகும் முன் வாட் பற்றிப் பேசியாக வேண்டும். தவறான முடிவுகள் அதிகம் பிறப்பது இங்கேதான்.

வாட் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது வாட் பத்து மடங்காக வேண்டும். ஆக, ஒரே ஸ்பீக்கரை வைத்துப் பார்த்தால் 50 வாட் ஆம்ப் 5 வாட் ஆம்ப்பைவிடக் காதுக்கு இரண்டு மடங்குதான் சத்தம்.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். நல்ல 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில், 95 முதல் 100 டெசிபல் வரை சத்தம் கொடுக்கும். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். ஒரு வாட்டே அறையை நிறைத்து, சுவரையும் தாண்டிப் போய்விடும். படுக்கையறையில் வாசிக்க எத்தனை வாட் வேண்டும் என்ற கேள்விக்குப் பதில், ஒரு வாட்டுக்கும் கீழேதான். பெரிய வாட் ஆம்ப்பை வாங்கினால் வால்யூம் குமிழ் 1-க்கும் 2-க்கும் நடுவிலேயே மாட்டிக்கொள்ளும்.

சத்தம் குறையும்போது காதும் மாறுகிறது. தாழ்ந்த சத்தத்தில் நமக்கு பாஸும் மிக உயர்ந்த ஒலிகளும் சரியாகக் கேட்காது. ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இல் அளந்து காட்டிய உண்மை இது. மேடையில் முழங்கிய அதே ஆம்ப் வீட்டில் மெலிந்துபோய்க் கேட்பதில் இதற்கும் பங்கு உண்டு. அதனால் "அவர் வைத்திருக்கும் அதே ஆம்ப்" என்று தேடிப் போவதில் பலன் குறைவு. நீங்கள் வாசிக்கப்போகும் சத்தத்தில் எது நன்றாக ஒலிக்கிறதோ, அதுவே உங்களுக்கான ஆம்ப்.

### ட்யூப் ஆம்ப்

வால்வுகளால் ஓடும் பழைய தொழில்நுட்பம், இன்றும் பலருக்கு அளவுகோல் இதுதான். இதன் அழகு, சுத்தத்திலிருந்து டிஸ்டார்ஷனுக்குப் போகும் பாதை வழுக்கலாக இருப்பது. மெதுவாக மீட்டினால் சுத்தமாகவும், அழுத்தி மீட்டினால் கரகரப்பாகவும் ஒலிக்கும். கிட்டாரின் வால்யூம் குமிழைக் குறைத்தால் ஆம்ப் தானே தெளிந்துவிடும். விரலுக்கு இவ்வளவு உடனடியாகப் பதில் சொல்லும் ஆம்ப் கற்றுக்கொள்கிறவருக்கு ஆசானாகவே இருக்கும்.

ஆனால் அந்தப் பதில் கிடைக்க ஆம்ப்பை அதற்குரிய சத்தம் வரை ஏற்ற வேண்டும். மாஸ்டர் வால்யூம் (கெயினைத் தொடாமல் மொத்தச் சத்தத்தை மட்டும் குறைக்கும் குமிழ்) இருந்தால் முன்-ஆம்ப் டிஸ்டார்ஷனைத் தாழ்ந்த சத்தத்திலும் எடுக்கலாம். ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ட்யூப்பும் ஸ்பீக்கரும் சேர்ந்து தரும் கனம் மட்டும் வராது. 15 வாட் ட்யூப் ஆம்ப் டிரம்ஸோடு நின்று பேசக்கூடியது. அதை வீட்டில் முழுதாக ஏற்ற வழியே இல்லை. சத்தத்தை விழுங்க அட்டெனுவேட்டர் வாங்கலாம், அது தனிச் செலவு.

மற்ற செலவுகளும் இருக்கின்றன. பவர் ட்யூப்கள் தேயும், மாற்ற வேண்டும். சில ஆம்ப்களில் மாற்றும்போது பயஸ் (ட்யூப்பில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு) சரிசெய்ய ஒரு தொழில்நுட்பர் தேவைப்படுவார். எடை அதிகம். ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்ப்பை இயக்கினால் உள்ளே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகலாம். அப்புறம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் பல நூறு வோல்ட் தங்கியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்கவே கூடாது.

சத்தம் போட ஒரு தனி அறை உள்ளவர், விரைவில் குழுவோடு வாசிக்கப்போகிறவர், ஓரிரண்டு டோன் போதும் என்று நினைக்கிறவர், இவர்களுக்கு ட்யூப் ஆம்ப் நல்ல முடிவு.

### டிரான்சிஸ்டர் ஆம்ப்

இலேசானது, உறுதியானது, பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மட்டமான தொழில்நுட்பம் என்று இதைத் தள்ளுகிறவர்கள், 1975-இல் வந்த ரோலண்ட் ஜேசி-120-இன் சுத்தமான டோனை ஒருமுறை கேட்க வேண்டும். சுத்தமான ஒலிக்கு டிரான்சிஸ்டர் எந்த வகையிலும் குறைந்ததல்ல.

இடிப்பது டிஸ்டார்ஷனில். டிரான்சிஸ்டர் எல்லைக்கு வரும் வரை சுத்தமாக இருந்துவிட்டு, எல்லையில் அலையைச் சட்டென்று வெட்டும். நல்ல ஆம்ப்களில் இதைத் தவிர்க்கத் தனிச் சுற்றமைப்பு இருக்கும். மலிவான சின்ன ஆம்ப்களில் டிஸ்டார்ஷன் பெரும்பாலும் சரசரவென்று கேட்கும். அதனால் ஒரு டிஸ்டார்ஷன் பெடல், அதற்கு ஒரு பவர் சப்ளை, இன்னொரு கேபிள் என்று செலவு நீளும். மலிவாக வாங்கியதாக நினைத்த ஆம்ப் கடைசியில் அவ்வளவு மலிவாக இருக்காது.

கிட்டாரோடு சேர்த்து ஒரே பெட்டியில் தரப்படும் 10 வாட் ஆம்ப்களைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பல சமயம் அங்கே குறை டிரான்சிஸ்டரில் இல்லை, ஸ்பீக்கரில் இருக்கிறது. கிட்டாரின் தடித்த தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஐந்தாறு அங்குல ஸ்பீக்கரும் சின்ன மரப்பெட்டியும் அதைச் சரியாக வெளிக்கொண்டுவருவது கடினம். டோன் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது என்று நினைத்துப் பிக்கப்பை மாற்றுகிறவர்களில் பலருக்கு, உண்மையில் மாற வேண்டியது இந்த ஸ்பீக்கர்தான்.

சுத்தமான டோன் மட்டும் போதும் என்பவருக்கும், ஏற்கெனவே பெடல் வைத்திருப்பவருக்கும் நல்ல ஸ்பீக்கர் உள்ள டிரான்சிஸ்டர் ஆம்ப் பொருந்தும்.

### மாடலிங் ஆம்ப்

வெவ்வேறு ஆம்ப்களின் நடத்தையைக் கணினிச் சில்லு வழியாகப் போலி செய்யும் வகை. 1990-களின் கடைசியில் லைன் 6 நிறுவனத்தின் பாட் (POD) என்ற கருவி பரவலாக்கிய இந்த முறை, இன்று பெரும்பாலான தொடக்கநிலை ஆம்ப்களில் வந்துவிட்டது. இதன் பெரிய நன்மை, டிஸ்டார்ஷனின் அளவும் அறையில் கேட்கும் சத்தமும் தனித்தனியாகப் பிரிந்துவிடுவது. பேச்சுச் சத்தத்தில் இருந்தபடியே முழு டிஸ்டார்ஷனில் வாசிக்கலாம். எக்கோ, ரிவர்ப், கோரஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும், ஹெட்ஃபோன் துளையும் இருக்கும், யூஎஸ்பி வழியாகப் பதிவு செய்யும் வசதியும் பெரும்பாலும் உண்டு.

மறைந்த செலவு இங்கே நேரம்தான். நூறு டோன்களும் ஒரு செயலியும் கையில் இருந்தால் ஒரு மணி நேரப் பயிற்சியில் நாற்பது நிமிடம் டோன் தேடுவதிலேயே போய்விடும். செயலி வழியாக மட்டுமே முழுக் கட்டுப்பாடும் கிடைக்கும் ஆம்ப்பாக இருந்தால், சில வருடம் கழித்துப் புதிய தொலைபேசியில் அந்தச் செயலி ஓடாமல் போகும் ஆபத்தும் இருக்கிறது. கெயின், பாஸ், மிடில், ட்ரெபிள், வால்யூம் இவற்றுக்கு ஆம்ப்பின் மேலேயே கையால் திருகும் குமிழ்கள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் மூன்றே டோன்களைச் சேமித்துக்கொள்ளுங்கள்: சுத்தமாக ஒன்று, லேசான கரகரப்பில் ஒன்று, கனமாக ஒன்று. முதல் சில மாதங்களுக்கு அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

எந்தப் பாணியில் நிலைக்கப்போகிறோம் என்று இன்னும் தெரியாதவருக்கு, வீட்டில் வாசிக்கிறவருக்கு, என் முதல் பரிந்துரை இதுதான்.

### ஹெட்ஃபோனும் கம்ப்யூட்டரும்

ஆம்ப்பே இல்லாத வழி. ஆடியோ இன்டர்ஃபேஸ் (சிக்னலைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும் கருவி) ஒன்றில் கிட்டாரைச் செருகி, ஆம்ப் மென்பொருளை ஓட்டி, ஹெட்ஃபோனில் கேட்பது. தரத்தில் இது சின்ன ஆம்ப்கள் பலவற்றை மிஞ்சிவிடும். நள்ளிரவிலும் வாசிக்கலாம்.

கவனிக்க வேண்டியவை மூன்று. இன்டர்ஃபேஸில் கிட்டாருக்கென்றே உள்ள உள்ளீடு இருக்க வேண்டும். சாதாரண லைன் உள்ளீட்டில் செருகினால் பிக்கப்பின் மேல் அதிர்வெண்கள் செத்துவிடும். இரண்டாவது, கேபினெட் சிமுலேஷனை (கிட்டார் ஸ்பீக்கரைப் போலி செய்யும் மென்பொருள் பகுதி) அணைத்துவிடக் கூடாது. அணைத்தால் ஸ்பீக்கர் வடிகட்ட வேண்டிய உயர் ஒலிகள் எல்லாம் ஹெட்ஃபோனுக்கே வந்து, டிஸ்டார்ஷன் காதைக் குடையும். மூன்றாவது, தாமதம். ஒலி காற்றில் ஒரு மில்லி விநாடிக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது, எனவே 10 மில்லி விநாடித் தாமதம் என்பது ஆம்ப்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். அதுவரை பழகிவிடலாம். 20-ஐத் தாண்டினால் விரலும் காதும் ஒட்டாது, தாளம் தடுமாறும். பழைய கம்ப்யூட்டரில் இதைக் குறைப்பது பெரும்பாடு.

தொடங்கும் சுலபத்தில் இந்த வழி அடிவாங்குகிறது. கம்ப்யூட்டரை எழுப்பி, மென்பொருளைத் திறந்து, அமைப்பைச் சரிபார்த்து என்று போகும்போது, பத்து நிமிடம் வாசிக்கலாம் என்று கிட்டாரை எடுக்கத் தோன்றாது. பாட்டுப் பதிவு செய்வதுதான் நோக்கம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம்.

| | ட்யூப் | டிரான்சிஸ்டர் | மாடலிங் | ஹெட்ஃபோன் + கம்ப்யூட்டர் |
|---|---|---|---|---|
| தாழ்ந்த சத்தத்தில் டோன் | முழுமையாக வராது | சுத்தமான டோன் நன்று | நன்று | மிக நன்று |
| டிஸ்டார்ஷன் | மிக நன்று, சத்தம் வேண்டும் | பெடல் தேவைப்படலாம் | எந்தச் சத்தத்திலும் நன்று | நன்று, தாமதம் குறைவாக இருந்தால் |
| டிரம்ஸோடு | 15 வாட்டே போதலாம் | கூடுதல் வாட் வேண்டும் | சின்னவை போதாது | தனி ஸ்பீக்கர் வேண்டும் |
| மறைந்த செலவு | ட்யூப், பராமரிப்பு, அட்டெனுவேட்டர் | பெடல், பவர் சப்ளை | நேரம், செயலியின் ஆயுள் | இன்டர்ஃபேஸ், மென்பொருள், நல்ல ஹெட்ஃபோன் |
| எடுத்தவுடன் வாசிக்க | சூடாகச் சிறிது நேரம் | உடனே | உடனே | தாமதமாகும் |

## இரண்டும் சேரும் இடம்

பிக்கப்பும் ஆம்ப்பும் தனித்தனியாக நன்றாக இருந்தும் ஜோடி சேராமல் போவதுண்டு. ஏற்கெனவே பளிச்சென்று ஒலிக்கும் ஆம்ப்பில் சிங்கிள் காயில் பிரிட்ஜ் பிக்கப்பைச் செருகினால் ஒலி ஊசியாகக் குத்தும். பாஸ் தூக்கலான சின்ன ஆம்ப்பில் ஹாட் ஹம்பக்கரின் நெக் பிக்கப் சேற்றில் கால் வைத்ததுபோல் மங்கிவிடும். மாடலிங் ஆம்ப்பில் இதை மாடலை மாற்றிச் சமாளிக்கலாம். ஒரே குரல் உள்ள ஆம்ப்பில் முடியாது. வாங்க நினைக்கும் வகைக் கிட்டாரில் வாசித்துப் பார்த்தே ஆம்ப்பைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

கேபிளுக்கும் இதில் பங்கு உண்டு. சாதாரணப் பிக்கப்பில் கேபிள் நீள நீள அதன் மின்தேக்கம் கூடி, மேல் அதிர்வெண்கள் தேயும். வீட்டுக்கு மூன்று மீட்டர் போதும். பத்து மீட்டர் கேபிளைச் சுருட்டிப் போட்டு வாசிப்பவர்கள் பிக்கப் மந்தமாக இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்வதில் நியாயம் இல்லை.

## பிக்கப்பை மாற்றும் முன்

புதுப் பிக்கப் என்றால் பிக்கப்பின் விலை, பொருத்துக்கூலி, சில சமயம் பொட்டென்ஷியோமீட்டர்களும் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மாறு மின்தடைகள்). சிங்கிள் காயிலுக்கு வழக்கமாக 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம். இதை மாற்றாமல் விட்டால் புதிய ஹம்பக்கர் மந்தமாகத்தான் ஒலிக்கும். இவ்வளவு செலவுக்கு முன் காசே இல்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: பிக்கப்பின் உயரம்.

தந்தியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் உலோக முனைக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் பாருங்கள். ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகைக்குத் தடித்த தந்திப் பக்கம் சுமார் 3.2 மில்லிமீட்டர், மெல்லிய தந்திப் பக்கம் 2.4 மில்லிமீட்டர் என்பது நல்ல தொடக்கம். ஹம்பக்கர் இன்னும் கொஞ்சம் நெருங்கலாம், பிரிட்ஜ் பக்கம் 1.6 மில்லிமீட்டர் வரை. பக்கத்துத் திருகாணியைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பி, ஒவ்வொரு முறையும் வாசித்துக் கேளுங்கள். அருகே கொண்டுவந்தால் பலமும் கடினமும் கூடும், தள்ளினால் ஒலி காற்றாடும்.

சிங்கிள் காயிலில் மிக அருகே கொண்டுவந்துவிட்டால் ஒரு விநோதம் நடக்கும். தடித்த தந்தியை மேல் ஃபிரெட்களில் வாசிக்கும்போது ஒரே தந்தியில் இரண்டு சுருதி மோதுவதுபோல் அலையடிக்கும். ட்யூனரில் முள் நிற்காமல் ஆடும். காந்தம் தந்தியைப் பிடித்து இழுப்பதால் வருவது அது. நெக் பிக்கப்பை ஒரு மில்லிமீட்டர் இறக்கினாலே பெரும்பாலும் போய்விடும். கிட்டார் சுருதி சேரவில்லை என்று கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

தந்திகளும் மாதக்கணக்கில் பழையதாகியிருந்தால் முதலில் அவற்றை மாற்றுங்கள். மங்கிய ஒலியில் பாதி அதோடு போய்விடும்.

## உங்கள் நிலைக்கு எது?

வீட்டில் தாழ்ந்த சத்தத்தில் வாசிக்கிறீர்கள், பாணி இன்னும் முடிவாகவில்லை என்றால் எச்எஸ்எஸ் கிட்டாரும் 8 அங்குலமோ அதற்கு மேலோ ஸ்பீக்கர் உள்ள மாடலிங் ஆம்ப்பும். மெட்டல் மட்டும்தான் என்று தெளிவாக இருந்தால் இரண்டு ஹம்பக்கர் கிட்டார், ஆம்ப் அதே மாடலிங். சுத்தமான டோன், ஃபங்க், கண்ட்ரி என்றால் சிங்கிள் காயிலும் டிரான்சிஸ்டர் ஆம்ப்பும் அழகாகப் பொருந்தும். ப்ளூஸ் வெறியும் தனி அறையும் சேர்ந்து வாய்த்தவர் 5 வாட் ட்யூப் ஆம்ப்பைத் தயங்காமல் எடுக்கலாம்.

பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் கிட்டாரில் ஒரு படி இறங்கி ஆம்ப்பில் ஒரு படி ஏறுங்கள். ட்யூனிங் நிற்கிற, ஃபிரெட் சரியாக இருக்கிற எளிய கிட்டார் நல்ல ஆம்ப்பில் நன்றாகவே பாடும். நல்ல கிட்டார் மோசமான ஸ்பீக்கரைத் தாண்டி வர வழியில்லை.

கடையில் சோதிக்கும்போது விற்பவர் வாசித்துக் காட்டுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் வாங்க நினைக்கும் கிட்டாரை, அல்லது அதே வகைப் பிக்கப் உள்ள ஒன்றை, உங்கள் கையில் கேட்டு வாங்குங்கள். மூன்று கார்டுதான் தெரியும் என்றாலும் பரவாயில்லை, அந்த மூன்றையே எல்லா ஆம்ப்பிலும் வாசியுங்கள். எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதலில் சுத்தமான டோன். அடுத்து கெயினைக் கூட்டி, கிட்டாரின் வால்யூமை 10-லிருந்து 5-க்குக் குறைத்து, ஒலி தெளிகிறதா, அப்படியே மங்கிப்போகிறதா என்று கேளுங்கள். பிறகு ஆம்ப்பின் சத்தத்தைப் பக்கத்தில் நிற்பவரோடு சாதாரணமாகப் பேசும் அளவுக்கு இறக்குங்கள். கடைக்காரர் இன்னும் கொஞ்சம் ஏற்றட்டுமா என்று கேட்பார், வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்தச் சத்தத்திலேயே பத்து நிமிடம் வாசித்துப் பாருங்கள்.